காலதர்: நம் வீட்டுச் சன்னல்களின் நூறாண்டுக் கதை



சென்ற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் அம்பாங்கிலுள்ள எங்கள் வீட்டைப் புதுப்பிக்க முற்பட்டோம். என் தந்தையார் 1970களில் வாங்கிய ஒற்றைத்தள வரிசை வீடு அது. கூரை, தரை பற்றியெல்லாம் பேசி முடித்தபின் குத்தகையாளர் சன்னல்களைச் சுற்றிப் பார்த்தார். முன்னறைச் சன்னலின் செங்கால் மரச்சட்டம் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் உறுதியாக இருந்தது. படுக்கையறைகளில் இருந்தவை மெராந்தி மரச்சட்டங்கள். அவற்றைக் கறையான் உள்ளுக்குள்ளேயே தின்று தீர்த்திருந்தது. விரலால் அழுத்தியபோது சாயப்பூச்சு மட்டுமே சட்டத்தின் வடிவில் நிற்பது தெரிந்தது. சமையலறையின் எஃகுச் சட்டமோ துருவேறி, பாதி திறந்த நிலையிலேயே இறுகிக் கிடந்தது.

“சார், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அலுமினியத்தில் இழுவைச் சன்னல் போட்டுவிடலாம். இப்போது எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள். யூபிவிசி வேண்டுமென்றாலும் சொல்லுங்கள். மரம் மட்டும் வேண்டாம்” என்றார் அவர்.

எண்பதை எட்டிவிட்ட என் தாயார் கட்டிலில் அமர்ந்தபடியே, “எதையாவது போடுப்பா, காத்து வந்தா போதும்” என்றார். அவருக்கு இளைப்பு நோய் உண்டு. இரவில் சன்னல் அடைபட்டிருந்தால் அவரால் உறங்க இயலாது.

குத்தகையாளர் பொருளைப் பற்றிக் கேட்டார். அம்மா காற்றைப் பற்றிச் சொன்னார். இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று தேடப் புகுந்தபோது, நம் மக்கள் இந்நாட்டில் வாழ்ந்த வீடுகளின் வரலாறே சன்னலுக்குள் அடங்கியிருப்பதைக் கண்டேன். அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சொல்லுக்குள் இருக்கும் காற்று

சன்னலுக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. சாளரம், பலகணி என்பவற்றை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். அவற்றுள் தொன்மையான ஒன்று ‘காலதர்’. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழியே காலதர். மானின் கண் போன்ற வடிவில் அமைந்த காலதர்களைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘விண்டோ’ என்னும் சொல்லும் பழைய நார்டிக் மொழியில் ‘காற்றின் கண்’ எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்ததே. இரு மொழியினரும் வெளிச்சத்தைக் காட்டிலும் காற்றையே முதலில் எண்ணியிருக்கின்றனர்!

இன்று நாம் பேசும் ‘ஜன்னல்’ போர்த்துகீசியரின் ‘ஜனேலா’விலிருந்து வந்தது. மலாய் மொழியின் ‘ஜெண்டேலா’வும் அதே சொல்தான். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றியவர்களின் சொல் மலாய்க்காரர் நாவிலும், அதே மக்கள் தமிழகக் கடற்கரையில் விட்டுச்சென்ற சொல் நம் நாவிலும் நிலைத்துவிட்டன.

காற்றுக்கு அஞ்சிய காலம்

அம்பாங்கின் வரலாறு 1857இல் தொடங்குவதாகப் பாடநூல்களில் படிக்கிறோம். ராஜா அப்துல்லாவின் முயற்சியால் 87 சீனத் தொழிலாளர்கள் ஈயம் தேடி இப்பகுதிக் காட்டுக்குள் வந்தனர். ஒரு மாதத்திற்குள் அவர்களுள் 18 பேர் மட்டுமே எஞ்சினர். ஏனையோரைக் காய்ச்சல் கொண்டு சென்றது.

அக்காய்ச்சலின் பெயர் மலேரியா. இத்தாலிய மொழியில் அதற்குக் ‘கெட்ட காற்று’ என்பது பொருள். சதுப்பு நிலத்திலிருந்து இரவில் எழும் நச்சுக்காற்றே நோய்க்குக் காரணம் என்று அக்காலத்தில் நம்பினர். அப்படியிருக்க, இரவில் யார் சன்னலைத் திறந்து வைப்பார்கள்? 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ், மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதைக் கண்டறிந்தார். அதன் பயனை விரைவில் கண்ட ஊர்களில் ஒன்று நமது கிள்ளான். 1901 முதல் மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானிலும் சுவெட்டன்ஹம் துறைமுகத்திலும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) சதுப்புகளை வடியச் செய்தார். காய்ச்சலும் சாவும் வெகுவாகக் குறைந்தன. காற்றின் மீதிருந்த பழி அறிவியலில் நீங்கியது. ஆயினும் மக்கள் மனத்திலிருந்து நீங்க நெடுங்காலம் பிடித்தது. பொழுது சாய்ந்ததும் என் பாட்டி சன்னலை அடைத்துவிடுவார் என்று அம்மா இன்றும் சொல்வதுண்டு.

அம்மா பிறந்து வளர்ந்தது இரப்பர்த் தோட்டத்து லயத்தில். பலகைச் சுவர், தகரக் கூரை. சன்னல் என்பது சுவரில் அறுத்த ஒரு துவாரமும் அதனை மூடும் ஒரு பலகையும்தான். கண்ணாடி கிடையாது, கம்பி கிடையாது. பகலில் ஒரு குச்சியை முட்டுக்கொடுத்துப் பலகையைத் தூக்கி நிறுத்துவார்கள். மழை வந்தால் குச்சியை எடுத்துவிட வேண்டும்; காற்றும் வெளிச்சமும் ஒருசேர நின்றுபோகும். அந்தச் சன்னல் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், எந்தத் திசையில் இருக்கவேண்டும் என்பதை அதனுள் வாழ்ந்தவர்களிடம் யாரும் கேட்டதில்லை. தோட்ட நிருவாகம் கட்டிக் கொடுத்தது, நம்மவர்கள் குடியிருந்தார்கள்.

மரத்தின் காலம்

அதே காலத்தில் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அறிய, கோலாலம்பூர் ஸ்டோனர் சாலையிலுள்ள பெங்ஹுலு அபு செமான் இல்லத்தைக் காணலாம். மலேசிய மரபுடைமைக் கழகத்தினர் (பாடான் வாரிசான்) கெடாவிலிருந்து பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பிய மலாய் மரவீடு அது. மாணவர்களோடு நான் அங்குச் சென்றபோது, தரையில் அமர்ந்தாலே முகத்தில் காற்றுப்படும்படி அதன் சன்னல்கள் தாழ்வாக இருப்பதைக் கவனித்தேன். நம் முன்னோர் விட்டுவந்த தமிழகத்தில் வெயில் வறண்டது. அங்கே தடித்த சுவரும், சிறிய சன்னலும், நடுவில் முற்றமும் வீட்டைக் குளிர்வித்தன. இங்கோ வெக்கை ஈரமானது. உடலில் காற்றுப் பட்டால்தான் வியர்வை உலரும். ஆகவே இந்நாட்டு மரபு வீட்டில் சன்னல் பெரிதாயிற்று. மழைக்கும் வெயிலுக்கும் கூரையின் தாழ்வாரம் காவலாயிற்று.

இத்தகைய வீடுகளுக்கு ஏற்ற மரங்களைத் தீபகற்பத்தின் காடுகள் வழங்கின. எந்த மரம் எத்தனை ஆண்டு தாங்கும்? கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சி நிலையத்தினர் இதனை எளிய முறையில் சோதித்தனர். இரண்டு அங்குலச் சதுரமும் இரண்டு அடி நீளமும் கொண்ட மரக்குச்சிகளை மண்ணில் பாதி புதைத்துவிட்டு, கறையானும் பூஞ்சையும் அவற்றை அழிக்க எவ்வளவு காலம் ஆகிறது எனக் கணக்கெடுத்தனர். இதற்கு ‘இடுகாட்டுச் சோதனை’ என்றே பெயர்! இரண்டாண்டுக்குள் அழிபவை நீடிக்காத மரங்கள். பத்தாண்டுக்கு மேல் நிற்பவை மிக நீடித்து உழைப்பவை. செங்கால் இந்த இறுதி வகையைச் சேர்ந்தது. இலேசான மெராந்தி வகைகளோ கீழ்நிலையில் உள்ளவை. என் வீட்டு முன்னறைச் சட்டம் நிலைத்ததற்கும், படுக்கையறைச் சட்டம் கூடாகிப் போனதற்கும் விளக்கம் கெப்போங்கில் கிடைத்தது. ‘மரம் வேண்டாம்’ என்று குத்தகையாளர் சொன்னதை ‘எந்த மரம்?’ என்று நாம் திருப்பிக் கேட்கவேண்டும்.

செங்கல்லும் எஃகும்

1881 சனவரியில் கோலாலம்பூரைப் பெருந்தீ அழித்தது. அவ்வாண்டின் இறுதியில் வெள்ளமும் வந்தது. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய நகரம் அது. 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹம், இனிச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டவேண்டும் என வற்புறுத்தினார். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகளால்தான் பிரிக்பீல்ட்ஸ் தன் பெயரைப் பெற்றது. அங்கு 1905இல் எழுந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ குடியிருப்பில் இரயில்வேயிலும் அரசாங்கத்திலும் பணியாற்றிய தமிழர் பலர் தலைமுறைகளாக வாழ்ந்தனர். 2010களின் நடுவில் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டுவிட்டது.

சுவர் செங்கல்லானபோது சன்னலின் தன்மையும் மாறியது. பலகை வீட்டில் சன்னல் சுவரின் ஒரு துண்டுதான். செங்கற்சுவரிலோ அதற்கென ஒரு சட்டம் வேண்டும். சுவரைத் தாங்க அதன்மேல் ஒரு விட்டம் வேண்டும். ‘சட்டத்துக்கு என்ன பொருள்?’ என்னும் கேள்வி நம் வீடுகளுக்கு அப்போதுதான் வந்தது.

இங்கிலாந்தின் பிரெய்ன்ட்ரீ என்னும் சிற்றூரில் பிரான்சிஸ் கிரிட்டால் 1884இல் எஃகுச் சன்னல்கள் செய்யத் தொடங்கினார். மெல்லிய சட்டம், பெரிய கண்ணாடி, தீப்பிடிக்காத பொருள், கறையான் தொடாத உலோகம் ஆகிய சிறப்புகளால் எஃகுச் சன்னல் உலகெங்கும் பரவியது. நம் நாட்டிலும் கடைவீடுகளிலும் அரசாங்கக் குடியிருப்புகளிலும் அது இடம்பிடித்தது. ஆனால் ஓயாத ஈரமுள்ள நாட்டில் எஃகுக்குத் துருவே எமன். ஆண்டுதோறும் சுரண்டிச் சாயம் பூசினால் மட்டுமே அது வாழும். என் தந்தையார் மறைந்தபின் அந்த வேலையை நான் செய்யவில்லை. சமையலறைச் சன்னல் இறுகிப் போனதற்கு எஃகை மட்டும் குறை சொல்ல இயலாது.

நாக்கோவும் அலுமினியமும்

அடுத்து வந்தது நாக்கோ. வணிகப் பெயராக இருந்து பொதுப்பெயராகிப் போன சொல் அது. கண்ணாடித் தகடுகளை அடுக்கி, ஒரு பிடியால் ஒருசேரத் திறக்கவும் மூடவும் இயலும் இச்சன்னலை அறியாத ஆசிரியர் இந்நாட்டில் இருக்க மாட்டார். நாம் படித்த வகுப்பறைகளிலும் நாம் கற்பிக்கும் வகுப்பறைகளிலும் அதுதானே இருக்கிறது! திறந்தால் ஏறக்குறைய முழு அளவும் காற்று வரும். தூறலின்போதும் சற்றே சாய்த்துத் திறந்து வைக்கலாம். குறைகளும் உண்டு. முழுமையாக மூடாது, தூசு புகும். வெளியிலிருந்து ஒவ்வொரு தகடாக உருவி எடுத்துவிடலாம் என்பதால் திருடர்களுக்கும் வசதியாயிற்று. அதனால் கம்பி கிரில் வந்தது.

1980களுக்குப் பின் அலுமினிய இழுவைச் சன்னல் மேலோங்கியது. அலுமினியத்தின் கதை மாணவர்களுக்குச் சொல்லத்தக்கது. ஒரு காலத்தில் அது அரிய உலோகம். 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சிக்கு மகுடமாக அதனைத்தான் வைத்தனர். இரண்டே ஆண்டுகளில், 1886இல், அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் ஒருவரையொருவர் அறியாமலே மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் ஒரே முறையைக் கண்டனர். இருவரும் 1863இல் பிறந்தவர்கள். இருவரும் 1914இல் மறைந்தவர்கள். அதன்பின் விலை சரிந்தது. மகுடம் சமையல் பாத்திரமாயிற்று, பிறகு சன்னலாயிற்று.

அலுமினியம் துருப்பிடிக்காது, கறையான் தொடாது, எடை குறைவு. சரவாக்கின் மூக்காவில் 2009இல் உருக்காலை தொடங்கியபின் நம் நாடே அதனை உற்பத்தி செய்யும் நாடாகியது. ஆயினும் ஒவ்வொரு வசதிக்கும் எங்கோ ஒருவர் விலை கொடுக்கிறார். அலுமினியத்தின் மூலப்பொருளான பாக்சைட்டைத் தோண்டியதால் 2015இல் குவாந்தான் சாலைகளும் நீர்நிலைகளும் செம்மண்ணாய் மாறியதையும், 2016 சனவரியில் அரசாங்கம் சுரங்கப்பணியை நிறுத்தி வைத்ததையும் மறத்தல் ஆகாது. பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் ஆக்கப் புதிதாக ஆக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும் என்பதால், கழற்றிய சட்டங்களைக் குப்பையில் வீசாமல் பழைய இரும்புக் கடையில் சேர்ப்பது நம் கடமை.

யூபிவிசி என்பது கடினமாக்கப்பட்ட நெகிழி. 1950களில் ஜெர்மனியில் சன்னலாக உருப்பெற்றது. அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. நன்கு அழுந்தி மூடுவதால் சாலை இரைச்சலைக் குறைக்கும். கடற்காற்றின் உப்பு அதனை அரிக்காது என்பதால் கிள்ளான் துறைமுகப் பகுதியினருக்கும் ஏற்றது. ஆனால் உள்ளே எஃகு வலுவூட்டல் உண்டா, வெயிலைத் தாங்கும் சேர்மானம் போதிய அளவு உண்டா எனக் கேட்டு வாங்கவேண்டும். தரம் குறைந்தது நம் வெயிலில் மஞ்சளித்துப் போகும்.

அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும் என்று சொல்லி யூபிவிசி விற்போர் நம்மை அஞ்சவைப்பதுண்டு. பொருளின் இயல்பைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆயினும் நம் நாட்டு வீட்டுக்குள் வெப்பம் பெரிதும் புகுவது சட்டத்தின் வழியன்று, கண்ணாடியில் நேராகப் படும் வெயிலின் வழியே. மேற்குச் சன்னலுக்கு மேல் ஒரு நிழற்கூரை அமைப்பது, சட்டத்தை மாற்றுவதைவிட அதிகப் பயன் தரும்.

சட்டம் சொல்லும் கணக்கு

இனி, அம்மா கேட்ட காற்றுக்கு வருவோம். 1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைச்சட்டங்களில் 39ஆம் விதி இதனைக் கூறுகிறது. வீட்டு அறைகளில் சன்னலின் பரப்பு தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. காற்றுத் தடையின்றி வரும் திறப்பு 5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. வகுப்பறைகளுக்கு இவை முறையே 20 விழுக்காடும் 10 விழுக்காடும் ஆகும்.

அம்மாவின் அறை 10 அடிக்கு 12 அடி. பரப்பு 120 சதுர அடி. சன்னல் 4 அடிக்கு 4 அடி. பரப்பு 16 சதுர அடி. சட்டம் கேட்கும் திறப்பு 6 சதுர அடி. நாக்கோவில் ஏறக்குறைய 16 சதுர அடியும் திறந்திருந்தது. அதே இடத்தில் இரு கதவு இழுவைச் சன்னல் போட்டால், ஒரு கதவு மற்றொன்றின் பின்னே மறைவதால் 8 சதுர அடிதான் திறக்கும். சட்டத்துக்கு அது போதும். அம்மாவுக்குப் போதாது. அவர் அறையின் காற்றுவழி ஒரே நாளில் பாதியாகிவிடும். ‘எல்லாரும் போடுகிறார்கள்’ என்பதற்காக நாமே அதனைச் செய்திருப்போம். நம் தாமான்களில் அலுமினிய இழுவைச் சன்னலும் குளிர்சாதனமும் ஒன்றையொன்று தொடர்ந்து பெருகியதன் காரணம் எனக்கு இந்தக் கணக்கில்தான் விளங்கியது.

ஆகவே முதலில் முடிவு செய்யவேண்டியது சன்னல் எப்படித் திறக்கவேண்டும் என்பதை. எந்தப் பொருள் என்பது அடுத்த கேள்வி. கதவைப்போல் வெளிப்புறம் திறக்கும் சன்னலில் முழு அளவும் காற்று வரும். அதனை அலுமினியத்திலும், யூபிவிசியிலும், மரத்திலும் செய்யலாம்.

எங்கள் முடிவு

முன்னறையின் செங்கால் சட்டத்தை அகற்றவில்லை. தேய்த்து, எண்ணெய் பூசி, அப்படியே வைத்துக்கொண்டோம். அதனைப் புதிதாக வாங்குவதாயின் எனக்குக் கிடைத்த விலைப்பட்டியல்களில் அதுவே மிக உயர்ந்த விலை. படுக்கையறைகளுக்கும் சமையலறைக்கும் சாயத்தூள் பூச்சிட்ட அலுமினியச் சட்டத்தில் வெளிப்புறம் திறக்கும் சன்னல்கள். அம்மாவின் அறையில் மட்டும் மேற்புறத்தில் கொசுவலையுடன் ஒரு சிறு நாக்கோ வரிசை. மழை இரவிலும் அது திறந்திருக்கும். பழைய துவாரங்களையே பயன்படுத்தினோம். சுவரை இடித்துப் பெரிதாக்க விரும்புவோர் முன்கூட்டியே அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் போன்ற தத்தம் ஊராட்சியை அணுகிக் கேட்டறிதல் வேண்டும்.

கிரில்லைப் பற்றி ஒரு சொல். பூட்டிய கிரில்லுக்குள் சிக்கித் தீயில் மாண்ட குடும்பங்களைப் பற்றி நாளிதழ்களில் படித்து வருந்துகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு கிரில்லாவது உள்ளிருந்து திறக்கத்தக்கதாக இருக்கட்டும். சாவி எங்கே இருக்கிறது என்பது குழந்தைகளுக்கும் முதியோருக்கும் தெரிந்திருக்கட்டும். இருட்டில் ஒருமுறை அவர்களையே திறக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் முதல் முயற்சியில் அம்மாவால் திறக்க முடியவில்லை. பூட்டு கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. மறுநாளே அதனைத் தாழ்த்தி வைக்கச் சொன்னோம்.

லயத்துப் பலகையைத் தோட்ட நிருவாகம் தேர்ந்தெடுத்தது. குவார்ட்டர்ஸ் சன்னலை அரசாங்கம் தேர்ந்தெடுத்தது. தாமான் வீட்டுச் சன்னலை மேம்பாட்டாளர் தேர்ந்தெடுத்தார். நான்காம் தலைமுறையில்தான் நம்மைப் பார்த்து ஒருவர் ‘எது வேண்டும்?’ என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு அண்டை வீட்டைப் பார்த்து விடை சொல்லாமல், நம் வீட்டில் உறங்குபவரைப் பார்த்து விடை சொல்வோம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஓர் அளவுநாடாவைக் கொடுங்கள். வகுப்பறையின் தரையையும் சன்னல்களையும் அவர்களே அளந்து, 20 விழுக்காடும் 10 விழுக்காடும் வருகின்றனவா எனக் கணக்கிடட்டும். இறுகிப்போன நாக்கோக்களைத் திறப்பில் சேர்க்க வேண்டாம். கிடைக்கும் விடையைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள்.